ஆனி தோரிஸ்டோட்டிர்: முதுகு, வெயில், பிரசவம் தாண்டிய ஒரு கிராஸ்ஃபிட் வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஆனி? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

ஐஸ்லாந்துக்காரர். 1989-இல் பிறந்தவர். கிராஸ்ஃபிட் கேம்ஸ் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் பெண். 2011-இல் ஒன்று, 2012-இல் ஒன்று. ஆனால் அந்த இரண்டு பட்டங்களுக்காக மட்டும் அவரைப் பற்றி இவ்வளவு கேள்விகள் வருவதில்லை. அவரைவிட அதிகப் பட்டம் வென்றவர்கள் உண்டு. முதல் பட்டத்துக்குப் பத்து ஆண்டு கழித்து, நடுவில் முதுகுத் தட்டு பிதுங்கி, வெயிலில் சுருண்டு, ஒரு பிள்ளையும் பெற்ற பிறகு, 2021-இல் மறுபடி மேடையேறினாரே, அதற்காகத்தான் கேட்கிறார்கள். இந்தப் பக்கமும் அதைப் பற்றியதுதான்.

கிராஸ்ஃபிட் கேம்ஸ் என்றால் பாடிபில்டிங் போட்டியா?

இல்லை. கிராஸ்ஃபிட் என்பது எடை, ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பலவற்றையும் கலந்து செய்யும் கடும் பயிற்சி முறை. அதன் பெரிய போட்டிதான் கேம்ஸ். பாடிபில்டிங்கில் உடல் எப்படி இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இங்கே உடல் என்ன செய்கிறது என்பதற்கு மட்டும்தான் மதிப்பெண். எடை தூக்குவது, ஓடுவது, நீந்துவது, கயிறு ஏறுவது, வளையத்தில் தொங்கி உடலை மேலே இழுப்பது, கையை ஊன்றித் தலைகீழாக நடப்பது என்று எது வேண்டுமானாலும் வரும். பல நிகழ்வுகளின் விவரத்தைக் கடைசி நேரம் வரை சொல்லவே மாட்டார்கள். நாலைந்து நாளில் பத்துப் பதினைந்து நிகழ்வுகள். ஒவ்வொன்றிலும் எடுத்த இடத்துக்குப் புள்ளி, எல்லாவற்றையும் கூட்டி அதிகம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பட்டம்.

2007-இல் கலிஃபோர்னியாவின் அரோமாஸ் என்ற ஊரில் ஒரு பண்ணையில் தொடங்கியது. 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் உள்ள கார்சன் அரங்கத்துக்கு வந்தது. 2017 முதல் 2023 வரை, 2020 தவிர, விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் நடந்தது.

இதில் காயம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரியும். நூறு மீட்டர் ஓடுபவருக்குத் தோளில் வலி இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். இங்கே எந்த மூட்டையும் ஒளித்து வைக்க முடியாது. எது பலவீனமோ அது எப்படியும் ஒரு நிகழ்வில் மாட்டிக்கொள்ளும்.

அவர் எப்படி இந்தப் போட்டிக்குள் வந்தார்?

சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், பாலே, அப்புறம் கம்பூன்றித் தாண்டுதல். 2009-இல் அரோமாஸ் பண்ணைக்குப் போனபோது வயது 19. அந்த ஆண்டு இறுதி நிகழ்வில் மசில்-அப் இருந்தது. தொங்கும் இரண்டு வளையங்களைப் பிடித்து, உடலை மேலே இழுத்து, நெஞ்சு வளையத்தைத் தாண்டியதும் கைகளை நீட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆனி அதுவரை ஒரு மசில்-அப் கூடச் செய்ததில்லை.

அங்கேயே, புழுதியில், கூட்டத்தின் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. குதித்துப் பிடிப்பார், பாதி ஏறுவார், முழங்கை திரும்பாது, கீழே வருவார். மறுபடியும் அதே கதை. சுற்றி நின்றவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒன்று வந்தேவிட்டது. அந்த ஆண்டு அவர் முடித்தது 11-ஆம் இடத்தில். அடுத்த ஆண்டு, 2010-இல், அமெரிக்காவின் கிறிஸ்டன் கிளெவருக்கு அடுத்து இரண்டாம் இடம். 2011-இல் அதே கிளெவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிப் பட்டம்.

பரிசுப் பணம் எவ்வளவு?

2010-இல் முதல் பரிசு 25,000 டாலர். காலணி நிறுவனமான ரீபாக் விளம்பரதாரராக உள்ளே வந்ததும் 2011-இல் அது 2,50,000 டாலர் ஆனது. அதாவது முதல் பட்டத்தைச் சரியான ஆண்டில் வென்றார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், காயம் ஆனபோது ஓய்வெடுக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணக்கு. கையில் காசும், ரெய்க்யாவிக்கில் தான் பங்குதாரராக இருக்கும் ஒரு பயிற்சிக்கூடமும் இருப்பவர் ஒரு பருவத்தை விட்டுக்கொடுக்கலாம். மாதச் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வேலை பார்த்துக்கொண்டே போட்டியிடும் பெண்ணுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. மீண்டு வந்த கதைகளில் இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை.

2013-இல் என்ன ஆனது?

இரண்டு பட்டம் கையில் இருக்கிறது. மூன்றாவதும் வென்றால் பெண்களில் யாரும் தொடாத உயரம். அந்த நேரத்தில் கீழ் முதுகில் தட்டு பிதுங்கிவிட்டது. நம்மூரில் 'டிஸ்க் விலகிடுச்சு' என்போமே, அதுதான். பட்டத்தைத் தக்கவைக்க 2013 கேம்ஸுக்கு அவரால் போக முடியவில்லை.

அந்த ஆண்டுப் பட்டத்தை வென்றவர் இங்கிலாந்தின் சமந்தா பிரிக்ஸ். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். வேடிக்கை என்னவென்றால், முந்தைய 2012 பருவத்தை முழங்கால் சிப்பி எலும்பில் முறிவு ஏற்பட்டதால் முழுதாக இழந்தவர் அவர். ஒருவர் காயத்தால் வெளியே போன ஆண்டில் காயத்திலிருந்து திரும்பியவர் வென்றார்.

டிஸ்க் விலகினால் வாழ்நாள் முழுக்க எடையே தூக்கக் கூடாது என்கிறார்களே. இவர் எப்படித் தூக்கினார்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுக்கு வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பகுதி. வளையத்தில் விரிசல் விட்டால் கூழ் வெளியே பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தும் அல்லது எரிச்சலூட்டும். முதுகில் ஆரம்பித்துப் பிட்டம் வழியாகக் கால் வரை மின்சாரம் போல இழுப்பது அதனால்தான். இடுப்பின் கடைசி இரண்டு தட்டுகளில்தான் இது பெரும்பாலும் வரும், அதிகச் சுமை தாங்குபவை அவைதான்.

பலருக்குத் தெரியாத விஷயம், பிதுங்கிய பகுதி அப்படியே நின்றுவிடுவதில்லை என்பது. உடலே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வலி குறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் தட்டு பிதுங்கி இருப்பது தெரியும். ஆக, 'டிஸ்க் போச்சு, எல்லாம் போச்சு' என்பது பழைய பயம்.

ஆனால் வலி போவது வேறு, பழைய எடையைத் தூக்குவது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் விளையாட்டு வீரருக்குக் கொடுமை. முதலில் நடை, படுத்த நிலையில் வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பழகுவது. அப்புறம் இடுப்பிலிருந்து மட்டும் குனியப் பழகுவது. அப்புறம் வெறும் கம்பி. உலகச் சாம்பியன் வெறும் கம்பியை வைத்துக்கொண்டு நிற்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. வாரா வாரம் கொஞ்சம் எடை கூடும், மறுநாள் காலை கால் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும், இழுத்தால் ஒரு படி கீழே. இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

2014-இல் இரண்டாம் இடம்தானே? அதை வெற்றி என்று ஏன் கொண்டாடுகிறார்கள்?

கனடாவின் கமீல் லெப்லாங்க்-பசினே முதல் இடம், ஆனி இரண்டாவது, அமெரிக்காவின் ஜூலி ஃபூஷே மூன்றாவது. புள்ளிவிவரம் அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இது அவருடைய இரண்டு பட்டங்களுக்கும் சமமானது. முந்தைய ஆண்டு முதுகு வலியால் போட்டிக்கே வராதவர், முதுகைக் கேட்டு வாங்கும் போட்டியில் ஒருவரைத் தவிர எல்லோரையும் முந்தினார். அவர் வராத ஓராண்டில் போட்டியும் சும்மா இருக்கவில்லை. 2012-இல் வெல்லப் போதுமாக இருந்த உடல் 2014-இல் போதாது. அப்படியானால் பழைய நிலைக்குத் திரும்பினால் மட்டும் ஆகாது, அதற்கு மேலே போக வேண்டும். போனார்.

2015-இல் வெயிலில் மயங்கினார் என்கிறார்களே?

'மர்ஃப்' என்று ஒரு பயிற்சி. ஆஃப்கானிஸ்தானில் 2005-இல் இறந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவரின் நினைவாகப் பெயர் வைத்தது. ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), 200 தண்டால், 300 உட்கார்ந்து எழுதல், மறுபடி ஒரு மைல் ஓட்டம். இவ்வளவும் எடை நிரப்பிய சட்டையோடு. பெண்களுக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல்.

2015 கேம்ஸில் இதைக் கார்சன் வெயிலில் வைத்தார்கள். பிரித்துப் பிரித்துச் செய்ய அனுமதி இல்லை, 100 புல்-அப் முடித்தால்தான் தண்டால். ஆஸ்திரேலியாவின் காரா வெப் முடித்த கையோடு சரிந்து விழுந்தார். ஆனிக்கும் வெப்பத் தாக்கு. அதற்குப் பிறகு அவர் பழைய ஆனியாக இல்லை, போட்டி முடியும் முன்பே விலகிக்கொண்டார். அந்தப் பட்டத்தை வென்றது இன்னொரு ஐஸ்லாந்துப் பெண், காத்ரின் டேவிட்ஸ்டோட்டிர். அடுத்த ஆண்டும் மர்ஃப் வந்தது. ஆனால் இந்த முறை ஐந்து சுற்றாகப் பிரித்துச் செய்ய வைத்தார்கள். அமைப்பாளர்களும் கொஞ்சம் பாடம் படித்திருக்கிறார்கள் போல.

வெயில் என்ன பெரிய காயமா? தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடாதா?

சித்திரை வெயில் பார்த்த நமக்கு அப்படித்தான் தோன்றும். வெப்பத்தால் களைப்பது வேறு, வெப்பத் தாக்கு வேறு. உடலின் உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனால் அது உயிருக்கு ஆபத்து. அப்போது குளிரவைப்பதுதான் முதல் வேலை. பனிக்கட்டி போட்ட தண்ணீரில் உடலை அமிழ்த்துவது மிக வேகமான வழி. தொட்டி இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை கை கட்டி நிற்கக் கூடாது. ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் அடி வாங்கியிருக்கும் என்பதால் மறுநாளே மைதானத்துக்குப் போவது தைரியம் இல்லை.

பாதியில் விலகுவது கோழைத்தனம் இல்லையா? ஜூலி ஃபூஷே காலில் தசைநாண் அறுந்தும் முடித்தாரே?

அதே 2015-இல், கேம்ஸுக்கு முந்தைய தகுதிச் சுற்றில் ஃபூஷேயின் குதிகால் தசைநாண் அறுந்தது. காலில் பாதுகாப்புக் காலணி மாட்டிக்கொண்டு மிச்ச நிகழ்வுகளையும் ஒற்றைக் காலில் செய்து முடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. எனக்கும் பிடித்த காட்சிதான் அது.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஃபூஷே அப்போது மருத்துவ மாணவி. அதுதான் தன் கடைசிப் பருவம் என்று முன்பே முடிவு செய்திருந்தார். என்ன அறுந்தது, எது இனிமேல் கெடாது என்று அவருக்குத் தெரியும். கேம்ஸ் வாய்ப்பு எப்படியும் போய்விட்டது, ரசிகர்களுக்கு விடைகொடுப்பது மட்டும்தான் மிச்சம். ஆனிக்கு அப்போது 25 வயது. முன்னால் பல பருவங்கள். பாதிக்கப்பட்டது ஒரு மூட்டு அல்ல, முழு உடலும்.

ஆனியின் வாழ்க்கையில் நான் பார்க்கும் முக்கியத் திறமை இதுதான்: நிறுத்துவது எப்போது என்று தெரிவது. 2013-இல் பட்டத்தை விட்டார், 2015-இல் பாதியில் விட்டார். இரண்டும் செய்யாமல் இருந்திருந்தால் 2017-உம் 2021-உம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

2015-க்குப் பிறகு உடனே பழைய இடத்துக்கு வந்துவிட்டாரா?

இல்லை. 2016-இல் 13-ஆம் இடம். பலரும் 'அவ்வளவுதான் முடிந்தது' என்றார்கள். 2017-இல் மேடிசனில் மூன்றாவது இடம். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும், டியா-கிளேர் டூமிக்கும் காரா வெப்புக்கும், இரண்டே புள்ளி வித்தியாசம் இருந்த ஆண்டு அது. 2018-இல் ஐந்தாம் இடம், 2019-இல் 12. இப்படி ஏறி இறங்கித்தான் போயிற்று.

குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் மூன்றாம் இடம் என்பது உண்மையா?

உண்மை. 2020 ஆகஸ்டில் மகள் பிறந்தாள். 2021 கேம்ஸ் முடிந்தபோது குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. முதல் இடம் டூமி, இரண்டாம் இடம் ஹங்கேரியின் லாரா ஹோர்வாத், மூன்றாம் இடம் ஆனி.

இதைக் கேட்டு யாரும் மருமகளிடமோ மனைவியிடமோ போய் 'பார், அவள் எப்படி' என்று ஆரம்பிக்க வேண்டாம். பிரசவம் சுலபமாக நடக்கவில்லை. நிறைய ரத்தம் இழந்திருந்தார். அதற்குப் பிறகான மாதங்களில் மனச்சோர்வும் இருந்தது என்று அவரே வெளிப்படையாக எழுதினார். முழுநேரமும் உடலைப் பார்த்துக்கொள்வதே தொழில், வாழ்க்கைத் துணையும் இதே துறை, சுற்றிலும் பயிற்சியாளர்கள். அப்படிப்பட்டவருக்கே இந்தப் பாடு.

பிரசவத்துக்குப் பின் உடலில் என்னதான் மாறுகிறது, பயிற்சி இவ்வளவு கடினமாக?

வயிற்றின் நடுவே இரண்டு பக்கத் தசைகளும் விலகியிருக்கும். இடுப்புக்கு அடியில் தொட்டில் போல இருக்கும் தசைகள் தொய்ந்திருக்கும். குதித்தால், இருமினால், எடை தூக்கினால் சிறுநீர் கசியலாம். இது சகஜம், ஆனால் 'இப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட வேண்டியதில்லை, பிசியோதெரபியில் பெரும்பாலும் சரியாகும். தூக்கமும் இருக்காது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பசியும் தாகமும் வேறு மாதிரி. ஓட்டத்தைப் பொறுத்தவரை குறைந்தது 12 வாரம் பொறுக்கச் சொல்வதுதான் இப்போதைய வழக்கமான ஆலோசனை. அதுவும் தசைகளைப் பரிசோதித்த பிறகு.

புல்-அப் கம்பியில் ஒரு காலத்தில் விளையாட்டாக ஏறியவர், ஒன்றைக் கூட முடிக்காமல் இறங்க வேண்டியிருக்கும். தன் பழைய உடலோடு தானே போட்டி போடுவது போன்ற தண்டனை வேறில்லை.

மற்ற பெண்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நிறைய. ஐஸ்லாந்தின் சாரா சிக்மண்ட்ஸ்டோட்டிர், 2015, 2016 இரண்டிலும் மூன்றாம் இடம். 2021 பருவம் தொடங்கும் நேரத்தில் முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்து அந்த ஆண்டு முழுதும் போனது. அமெரிக்காவின் புரூக் வெல்ஸ், அதே 2021 கேம்ஸில் நேரலையிலேயே ஸ்நாட்ச் (எடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) தூக்கும்போது முழங்கை மூட்டு நழுவியது. பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அறுவை சிகிச்சை செய்து அடுத்த ஆண்டே கேம்ஸுக்கு வந்துவிட்டார். டூமி 2023-இல் மகளைப் பெற்று, 2024-இல் மறுபடி பட்டம் வென்றார். அந்த வழியை முதலில் மிதித்துப் பாதையாக்கியவர்களில் ஆனியும் ஒருவர்.

அப்படியென்றால் கிராஸ்ஃபிட் ஆபத்தானதுதானே?

உச்சத்தில் நடக்கும் எந்த விளையாட்டும் உடலுக்கு நல்லதல்ல. கபடியில் முழங்கால் போகாதவர் எத்தனை பேர்? தெருமுனைப் பயிற்சிக்கூடத்தில் செய்யும் கிராஸ்ஃபிட் வேறு, கேம்ஸ் வேறு. கூடத்தில் அடிபடுவது அதிகம் தோளும் கீழ் முதுகும். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: கடிகாரம் ஓடும்போது, உடல் வளைந்துவிட்டது தெரிந்தும் இன்னும் ஐந்து என்று தூக்குவது. பக்கத்தில் நின்று 'கீழே வை' என்று சொல்லும் பயிற்சியாளர் இருந்தால் காயம் குறைகிறது. 'போடு, போடு' என்று மட்டும் கத்துபவர் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம், நேராக மருத்துவமனைதான். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது.

எனக்கும் டிஸ்க் பிரச்சினை. ஆனியைப் பார்த்து ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், ஆனால் ஆனி 2014-இல் செய்ததைப் பார்த்து அல்ல. வலி தணிந்து, மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்த்துச் சரி என்ற பிறகு, வெறும் கம்பியிலிருந்து. கால் மரத்துப்போவது கூடிக்கொண்டே போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளின் உள்பக்கமும் பிறப்புறுப்புப் பகுதியும் மரத்தாலோ அது அவசரம். அன்றைக்கே மருத்துவமனை.

இப்போது ஆனி போட்டியிடுகிறாரா?

2022-இல் தனிநபர் பிரிவை விட்டு அணிப் பிரிவில் இறங்கினார். 2023-இல் மறுபடி தனிநபர் பிரிவு. 2024-இல் இரண்டாவது குழந்தை. ரெய்க்யாவிக்கில் பயிற்சிக்கூடமும் நடக்கிறது.

அவருடைய போட்டிகளில் எதை முதலில் பார்க்கலாம்?

2011, 2012 வெற்றிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் 2014 சொல்வேன். எடை தூக்கும் நிகழ்வுகளில் அவர் கம்பியைப் பிடிக்கும் முன் எப்படி நிற்கிறார், மூச்சை எப்படி இழுத்துப் பிடிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் 2021. இரண்டுக்கும் நடுவே 2016-ஐயும் ஒரு தடவை பாருங்கள், 13-ஆம் இடம் என்றாலும்.